டோனர் தந்த பொருள்

“இத ஆர் தந்தது மகள்?”

அன்னப்பூரணி மாமி அதைக் கேட்டபோது பிளாஸ்டிக் கதிரையில் சாய்ந்து கிடந்தாள். கழுத்தைச் சுற்றித் துவாயொன்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். வெள்ளைக்கார டொக்டர் மேசையில் அடுக்கியிருந்த சாமான்களுக்குள் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதற்குள் வெள்ளைத் தூள், குறுணலை இன்னொரு தரம் இடித்துப் புடைத்த மாதிரி. மாமி கண்ணால் அதைத்தான் காட்டினாள்.

மேனுகா கையிலிருந்த தாளில் அந்த வரியைத் தேடினாள். டோனர் என்ற சொல் இருந்தது. அதற்கடுத்த சொல் அவளுக்குத் தெரியாது. அதற்கும் அடுத்தது பொருள். ஆக, டோனர் தந்த ஏதோ ஒரு பொருள்.

“டோனர் தந்தது மாமி,” என்றாள்.

“ஆ, அவங்களா,” என்று மாமி கண்ணை மூடிக்கொண்டாள்.

அது 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்து போன ஐந்தாம் மாதம். குருக்கள்மடத்தில், பெரிய றோட்டுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட தென்னந்தோட்டமொன்றில் எண்பது தகரக் கொட்டில்களை வரிசையாகப் போட்டு, கரையோரத்தில் வீடிழந்தவர்களை இருத்தியிருந்தார்கள். அந்த முகாமில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களுக்குக்கூட நாலைந்து இங்கிலீசுச் சொற்கள் தண்ணீர்பட்ட பாடு. ரோக்கன், லிஸ்ட், டென்ட், டெம்பரரி, பெர்மனன்ட். எல்லாவற்றிலும் பெரியது டோனர். தண்ணீர்த் தாங்கி டோனர் தந்தது. பருப்பு டோனர் தந்தது. மலசலகூடக் கதவில்கூட டோனரின் பெயரும் கொடியும் இருந்தன. எந்தப் பொருள் வந்தாலும் யார் தந்தது என்று கேட்பதும் டோனர் என்று சொல்வதும் அங்கே சுகம் விசாரிப்பது போல ஒரு பேச்சு. மேனுகாவும் தன் கொப்பியில் ‘டோனர்: உதவி தருகிற ஆட்கள்’ என்று எழுதி வைத்திருந்தாள்.

அவளுக்குப் பதினாறு வயது. அலைக்குப் பிறகு பள்ளிக்கூடம் முகாமானது. முகாம் திரும்பப் பள்ளிக்கூடமானபோது அவள் போகவில்லை. தாய் சவூதியில், தகப்பன் நல்லரத்தினம் வாவியில் வலை போடுகிறவர், வீட்டு வேலை அவள் தலையில். அதைவிட, நாலு பேர் முன்னால் எழும்பி நின்று வாய் திறப்பதென்றால் அவளுக்கு உயிர் போய்விடும். அப்படிப்பட்டவளைத்தான் பல் டொக்டர்களுக்கு மொழிபெயர்க்கக் கூட்டிப்போனார்கள். வரவேண்டிய ஆளுக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுவிட்டது. முகாம் தலைவர் அழகரத்தினம் கொட்டில் வாசலில் நின்று, இங்கிலீசு தெரிந்த பிள்ளை ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறதாம், வெளியில் விடு நல்லரத்தினம், தின்னமாட்டோம் என்று சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது.

தாளில் இருந்ததை அவள் ஒளிக்கவில்லை. வலி வரும், வீங்கும், இரத்தம் கசியும் என்று வாசித்துச் சொன்னாள். நரம்பில் பட்டால் உதடும் நாக்கும் விறைக்கும். அது டெம்பரரியாகவும் இருக்கலாம், பெர்மனன்டாகவும் இருக்கலாம். அந்த இரண்டு சொற்களுக்கும் முகாமில் தமிழ் தேவையில்லை என்று நினைத்து அப்படியே சொல்லிவிட்டாள். அடுத்துப் பல் பிடுங்கக் காத்து நின்ற பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “பெர்மனன்ட் வீட்டயே இன்னும் காணல்ல. விறைப்பு மட்டும் பெர்மனன்டா வரப்போகுதாக்கும்.”

மாமியும் சிரித்துக்கொண்டுதான் கையெழுத்து வைத்தாள்.

பிடுங்க வேண்டியது ஞானப்பல். கீழ்த்தாடையின் இடக்கோடியில், முளைக்க இடமில்லாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. அரை மணித்தியால வேலை என்றார்கள். ஒன்றரை மணித்தியாலம் போனது. நடுவில் டொக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் கதைத்தார்கள். பல்லைச் சுற்றி ஒரு பை வளர்ந்திருந்தது, அதையும் எடுத்துவிட்டோம், பெரிய பள்ளம், நிரப்புகிறோம் என்று மேனுகாவிடம் சொன்னார்கள். அவள் சொன்னாள். வாய் முழுக்கப் பஞ்சோடு மாமி தலையசைத்தாள். குப்பியில் ஒட்டியிருந்த லேபலை உரித்துத் தாளின் மூலையில் ஒட்டி, பிரதியொன்றை மேனுகாவின் கையில் கொடுத்தார்கள். லேபலில் பெயரில்லை. எழுத்தும் இலக்கமும் மட்டும்.

இரண்டு நாளில் டொக்டர்மார் கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு ஏறாவூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

விறைப்பு போகவில்லை.

தேத்தண்ணி குடித்தால் இடப்பக்கத்தால் வடியும், மாமிக்குத் தெரியாது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே நாக்கின் ஓரத்தைக் கடித்துவிடுவாள். நாடியில் இரத்தம் இறங்குவதைப் பார்த்து எதிரில் நிற்பவர்கள் பதறினால்தான் துடைப்பாள். அந்தப் பாதி நாக்கில் புளி இல்லை, உறைப்பு இல்லை. எதை வைத்தாலும் உப்பு மட்டும் கரிக்கிறது என்றாள்.

மாமியின் புருசன் இராசதுரை கடல் வந்த அன்று காலை கரைவலை இழுக்கப் போனவர். உடல் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் இலக்கம் போட்டு ஒட்டியிருந்த படங்களை மாமி மூன்று நாள் பார்த்தாள். அந்த முகங்களில் யாரை யாரென்று சொல்வது. பிறகு கிடங்கு வெட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். உடலைக் காணாமல் எதை வைத்து அழுவது, யாருக்கு முப்பத்தோராம் நாள் அமுது கொடுப்பது என்று மாமி பொட்டை அழிக்காமலே இருந்தாள்.

இராசதுரைக்கு இடக்கன்னத்தில் எந்நேரமும் வெற்றிலை அடங்கியிருக்கும். அதனால் அவருடைய பேச்சு வாயின் வலப்பக்கத்தால் கோணலாக, ஈரமாக வரும். கூப்பிடுகிற தூரத்தில் நின்று கேட்டாலும் அவர்தான் என்று சொல்லிவிடலாம்.

மேனுகாவின் கொட்டிலுக்கும் மாமியின் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். ஒரு நாள் மத்தியானம், முகாமே நிவாரணம் வாங்கக் கோயிலடிக்குப் போயிருந்த நேரம், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் இராசதுரை மாமா சோற்றைப் போடச் சொன்னார்.

கை அப்படியே நின்றது. குரல் மாமியின் குரல்தான். பேச்சு மாமாவின் பேச்சு. நாக்கின் பாதி செத்துப்போனதால் சொற்கள் வலப்பக்கத்தால் கோணி வருகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் மயிர்க்கால் அடங்கவில்லை. ஏனென்றால் கொஞ்சம் பொறுத்து, அதே வாய், அதே கோணலில், “இரிங்க, போடுறன்” என்று பதில் சொன்னது.

அதற்குப் பிறகு மேனுகா அந்தத் தகரத்தில் முதுகு சாய்க்கவில்லை.

அடுத்த வருடம் டவுனில் தையல் வகுப்பொன்று தொடங்கினார்கள். தகப்பன் வற்புறுத்தி அவளைச் சேர்த்துவிட்டார். பக்கத்து மெசினில் ஏறாவூர் றஸீனா. வாய் ஓயாதவள். மேனுகா கதைக்காமல் இருப்பதே அவளுக்கு வசதி. ஒரு நாள் பட்டன்துளை தைத்துக்கொண்டே, வெள்ளைக்காரப் பல் டொக்டர்மாருக்குத் தானும் மொழிபெயர்த்த கதையை எடுத்தாள். அதே கூட்டம், அதே தாள்.

“எங்கட பக்கம் ஆயிஷா உம்மா எண்டு ஒராள். ஊசி போட முன்னுக்கே கேட்டுட்டா, இது என்னத்துல செஞ்ச தூள், பண்டியா மாடா எண்டு. டொக்டர் ரெண்டும் இல்ல, மனிசன்ட எலும்பு எண்டார். கதிரையால இறங்கினவ, செருப்பயும் விட்டுட்டுப் பெய்த்தா.”

மேனுகாவின் கால் மெசினை மிதிக்க மறந்தது. தாளில் டோனர் என்றுதானே இருந்தது என்று மெல்லக் கேட்டாள்.

“ஓம்டி. மௌத்தாப் போற நேரம் உடம்பக் குடுத்துட்டுப் போறாங்களே, அவங்களுக்கும் டோனர் எண்டுதான் சொல்ற. நீ என்னெண்டு சொன்ன?”

மேனுகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவள் யோசித்தது ஒன்றைத்தான். அந்தப் பக்கத்தில் என்னத்தில் செய்தது என்று கேட்டிருக்கிறார்கள். தங்கள் பக்கத்தில் யார் தந்தது என்று கேட்டார்கள். ஐந்து மாதமாகப் பிறர் தந்ததைச் சாப்பிட்டவர்களுக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்கு அடியிலிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தாள். லேபலில் இலக்கத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு திகதி. பக்குவம் செய்யப்பட்டது, 2003.

மறுநாள் மாமி கொட்டிலுக்குப் பின்னால் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மேனுகா இரண்டு தரம் வந்து இரண்டு தரம் திரும்பினாள். மூன்றாம் தரம் சொல்லிவிட்டாள்.

“மாமி, அண்டைக்கு உங்கட வாய்க்குள்ள வச்சது மருந்தில்ல. எலும்பு. செத்த ஆக்கள்ட எலும்பு.”

மாமியின் கத்தி நிற்கவில்லை. “எனக்குத் தெரியும்” என்றாள். செதிளை வழித்துப்போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அவர்தான். கிடங்கு வெட்டினவங்களுக்கு ஆர் எவர் எண்டு தெரியாது. அவருக்கு என்னைத் தெரியும்தானே. எப்பிடியோ வந்து சேந்துட்டார். உனக்கும் அண்டைக்கே தெரியும், சொல்லப் பயந்துட்டா. என்ன மகள்?”

அந்த முகத்தை மேனுகா பார்த்தாள். ஒன்றரை வருடமாகச் சாம்பல் பூத்துக் கிடந்த முகம். இப்போது அதில் வலப்பாதி மட்டும் சிரித்தது. இடப்பாதி அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. 2003 என்ற இலக்கம் தொண்டை வரைக்கும் வந்தது.

“ஓம் மாமி,” என்றாள்.

முதல் தரம் சொன்னது தெரியாமல் சொன்ன பிழை. இது தெரிந்து சொன்னது.

அன்றைக்குப் பின்னேரமே மாமி ஒரு பாதி வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி இடக்கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். அதுவரை வெற்றிலை போடாத மனுசி. பனையான் மீன் அவளுக்குப் பிடிக்காது, அவருக்குப் பிடிக்கும்; கிழமைக்கு ஒரு நாள் வாங்கிக் குழம்பு வைத்து இடப்பக்கத்தால் மட்டும் மென்றாள். யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டால், “எங்களுக்கு முடிஞ்சுது” என்பாள். சனம் முதலில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அந்தக் கரையில் அந்த நேரம் யார்தான் நேராக இருந்தார்கள்.

வாவிக்கு மேற்கே சண்டை தொடங்கியபோது மாமியை யாரும் விசரி என்று சொல்லவில்லை. படுவான்கரையிலிருந்து சனம் பாதை என்கிற மிதவையில் ஏறி, மாடும் மூட்டையுமாக அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்துகொண்டேயிருந்த நாட்கள் அவை. செல் அடிக்கும் சத்தம் தண்ணீருக்கு மேலால் வரும். அது வருவதற்கு ஒரு மூச்சு முன்னதாக மாமியின் உள்ளங்கை இடத்தாடைக்குப் போய்விடும். “வருது” என்பாள். பிறகுதான் தகரங்கள் அதிரும். பிள்ளைகள் அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். தாய்மாரும் அவளுடைய கையைக் கவனிக்கத் தொடங்கினார்கள்.

2007இல் பெர்மனன்ட் வீடு கிடைத்தது. இரண்டு அறை, சீமெந்துத் தரை, முன்சுவரில் டோனரின் பெயர் நீலப் பெயின்ரில். மேனுகாவின் வீடு நாலு வீடு தள்ளி. இனித் தகரத்தால் கேட்கத் தேவையில்லை என்று அவள் நிம்மதிப்பட்டாள்.

ஆனால் ஒரு நாள், தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, உச்சி வெயிலில் துறையடியில் ஒருவருமில்லை. கட்டியிருந்த தோணியில் மாமி முழங்காலில் இருந்தாள். துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் பிடியை இடத்தாடையில் அழுத்தி வைத்திருந்தாள். வாவிக்குள் மீன் பாடுவது கேட்குமென்று வெளியூர்க்காரர்கள் நிலவில் துடுப்பில் காதை வைப்பார்கள். மாமி காதை வைக்கவில்லை. வாவி கண்ணாடி போலக் கிடந்தது; காற்றில்லை. மாமியின் தாடை மட்டும் மெல்ல மெல்ல அதிர்ந்தது, யாரோ உள்ளேயிருந்து கதைக்கிற மாதிரி.

“தோலுக்குத் தெரியல்ல,” என்றாள் திரும்பிப் பார்க்காமலே. “எலும்புக்குக் கேக்குது. கூப்பிடுறாங்க. அவர் போகமாட்டனாம்.”

மேனுகா சாப்பாட்டுப் பார்சலை மணலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

2009 வைகாசியில் மாமியின் இடக்கன்னம் வீங்கியது. முதலில் பாக்களவு, பிறகு மாங்காயளவு. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குமேல் திறக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் மட்டும் இறங்கியது. நெருங்கி நின்றால் ஒரு வாடை, வலையில் சிக்கி மூன்று நாள் கிடந்த மீனின் வாடை. மாமி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாள். மேனுகாவும் நல்லரத்தினமும் கெஞ்சிக் கூத்தாடி பஸ்ஸில் ஏற்றினார்கள். வன்னியில் சண்டை முடிந்ததென்று வானொலி சொன்ன கிழமை அது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, வென்றதற்கென்று எல்லாருக்கும் பாற்சோறு கொடுத்தார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் வெளியே பார்த்தார்கள்.

டவுன் பெரியாஸ்பத்திரியில் பல் டொக்டர் ஜெயரூபன், முப்பது வயதுக்குள் இருக்கும். படத்தைச் சுவர் வெளிச்சத்தில் மாட்டி, பென்சிலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஞானப்பல்லைச் சுற்றியிருந்த பையின் தோல் கொஞ்சம் உள்ளே மிஞ்சியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவாயிருக்கும். அது திரும்ப வளர்ந்து எலும்பைத் தின்கிறது. பள்ளத்தில் போட்ட தூளில் ஒரு பங்கு ஒட்டாமல் கட்டிபட்டுக் கிடக்கிறது, அதைச் சுற்றிச் சீழ். தாடை இப்போது முட்டைக்கோதுதான். ஒரு நாள் மெல்லும்போது உடையும். அதற்கு முன் சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும். திறந்து எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கவேண்டும், ஒரு கிழமைக்குள்.

மாமி தாளைத் தள்ளிவிட்டாள்.

“அவர வெட்டி எடுத்து எறிய நான் கையெழுத்து வைக்கிறதா?”

டொக்டருக்கு விளங்கவில்லை. மேனுகாவைப் பார்த்தார். மேனுகா தரையைப் பார்த்தாள்.

மாமி வீட்டுக்குத் திரும்பி மூன்று நாள் போனது. மூன்றாம் நாள் கஞ்சியும் இறங்கவில்லை. மாமி சுவரில் சாய்ந்திருந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டாள். மேனுகா விறாந்தையில் நின்றாள். சொன்னால் மாமியிடமிருந்து மாமாவை இரண்டாம் தரம் பறிக்கவேண்டும். சொல்லாவிட்டால் மாமியே இல்லை. அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெட்டிக்கு அடியிலிருந்த தாளை எடுத்துவந்து மாமியின் மடியில் வைத்தாள்.

“அது மாமா இல்ல மாமி. இதப் பாருங்க. ரெண்டாயிரத்து மூணு. கடல் வர முந்தின வரிசம் செஞ்சது. வேற நாட்டில, வேற ஆரோ.”

மாமிக்கு இலக்கம் வாசிக்கத் தெரியும். பெருவிரலால் லேபலைத் தடவினாள், மை அழியுமோ என்று பார்ப்பது போல.

“இத நீ எப்ப பாத்த?”

“தையல் வகுப்புக்குப் போகக்குள்ள.”

“மறுகா ஏன் ஓம் எண்டு சொன்ன?”



“மூணு வரிசம்,” என்றாள் மாமி. பற்களுக்கு நடுவால், கோணலாக, மெதுவாக. “ஆரோ ஒருத்தனுக்கு வெத்தில மடிச்சுக் குடுத்திரிக்கன். பனையான் காய்ச்சிக் குடுத்திரிக்கன். அவரும் வேணாம் எண்டு சொல்லல்ல.” அவள் சிரித்தாளா, அழுதாளா என்று அந்த முகத்தில் பிரித்தறிய முடியவில்லை.

எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளியால் முகத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி வெறுமையாக இருந்தது.

“செவுத்தில பேர் எழுதியிரிக்கி,” என்றாள். “கிணத்துக்கட்டில எழுதியிரிக்கி. கக்கூசுக்கும் எழுதினாங்க. இதுக்குப் பேர் இல்லையா?”

பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான் என்று மேனுகா சொன்னாள். மாமி தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

அந்தத் தாளை ஜெயரூபன் வெளிச்சத்துக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். இந்த இலக்கத்தை வைத்து அந்த நாட்டில் விசாரித்தால் ஆணா பெண்ணா, எத்தனை வயது என்று அறியலாம், பெயர் சொல்லமாட்டார்கள் என்றார். இப்போது உள்ளே எது உங்களுடைய எலும்பு, எது அது என்று முழுதாகப் பிரிக்கவும் ஏலாது, ஒரு பங்கு நீங்களாகவே ஆகிவிட்டது; ஒட்டாத கட்டிகளைத்தான் எடுக்கலாம்.

எடுத்து என்ன செய்வீர்கள் என்று மாமி கேட்டாள்.

பையின் தோலைச் சோதனைக்குக் கொழும்புக்கு அனுப்பவேண்டும், அது கட்டாயம் என்றார். மிச்சம் ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிக்கப்படும்.

“அந்த ஆள் ஓம் எண்டு சொல்லித்தான் குடுத்ததா?”

“கையெழுத்து வச்சித்தான் குடுத்திருப்பாங்க அம்மா. இல்லாட்டி எடுக்கமாட்டாங்க.”

“என்னைப் போல வச்ச கையெழுத்தா?”

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாமிக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, புதுத் தாளை ஒவ்வொரு வரியாகத் தானே வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, உங்களுக்கு விளங்கினதை உங்கட வாயால் சொல்லுங்கள் என்றார். மாமி சொன்னாள். நாடி உடையலாம், உடைந்தால் கம்பி போட்டுக் கட்டுவீங்க. மயக்கத்தில் மூச்சுக் குழம்பலாம். விறைப்புத் திரும்பாது, சாகும் வரைக்கும் இப்படித்தான். பை திரும்பவும் வரலாம், வருசத்துக்கு ஒருக்கா வந்து படம் எடுக்கவேணும். மேனுகா கதவோரம் நின்று கேட்டாள். அன்று பிளாஸ்டிக் கதிரைக்குப் பக்கத்தில் அவள் கால் மணித்தியாலத்தில் முடித்த வேலை இங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது.

கடைசியில் மாமி, இதில் எழுதாத ஒன்று இருக்கிறது என்றாள்.

“தோல கொழும்புக்கு அனுப்புங்க. எலும்ப எரிக்கக் கூடாது. எடுத்தத என்ட கையில தரவேணும். அத எழுதுங்க, எழுதினா வைக்கிறன்.”

அப்படி ஒரு வழக்கமில்லை என்றார் ஜெயரூபன். மாமி காத்திருந்தாள். அவர் பெரிய டொக்டரிடம் போய் வந்தார். திரும்ப ஒருமுறை போய் வந்தார். பிறகு தாளின் அடியில், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, கையால் தமிழில் எழுதினார்: அகற்றப்படும் எலும்புத் துண்டுகள் நோயாளியிடம் ஒப்படைக்கப்படும். மாமி அதை எழுத்துக் கூட்டி இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பெயரை முழுதாக எழுதினாள். எழுதி முடிக்கும்வரை மேனுகாவின் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

தாடை உடையவில்லை. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு தாதியொருத்தி வந்து, நல்லபடி முடிந்தது என்று சொன்னாள். மேனுகா இளநீர் வாங்க வெளியே போனாள்.

நாலு நாள் அவள் விடிய பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் வந்தாள். இளநீரைக் கொண்டுபோய்க் கட்டிலோரம் வைத்தாள். உடுப்பைக் கழுவிக் காயப்போட்டு மடித்தாள். மாமியின் வாய்க்குள் தையல், தலையைச் சுற்றிக் கட்டு. கதைக்கக் கூடாது என்றிருந்தார்கள். கதைக்கலாம் என்றாலும் கதைத்திருப்பாளா என்று மேனுகாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இளநீர் ஒவ்வொரு நாளும் குடித்து முடிந்திருக்கும். கண் மட்டும் யன்னலுக்கு வெளியே இருக்கும்.

ஐந்தாம் நாள் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மேனுகா மாமியின் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வாட்டு வாசலில் நின்றாள். உள்ளே ஜெயரூபன் ஒரு புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூடி இறுக்கிய சின்னப் போத்தலொன்றை மாமியின் கையில் கொடுப்பது தெரிந்தது. அதன் அடியில் மஞ்சள் படிந்த நாலைந்து துணுக்குகள். ஒரு கைப்பிடி அவல்கூட இராது. மாமி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. முந்தானையில் சுற்றி, நடக்கத் தெரியாத ஒன்றைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

வாசலுக்கு வந்ததும் மறு கையை நீட்டினாள். மேனுகா அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். கை பையின் பிடியைப் பற்றி, அவளுடைய விரல்களிலிருந்து அதைக் கழற்றி எடுத்தது. கோபமாகப் பறிக்கவில்லை. சந்தையில் தன் பையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டாள்.

மேனுகா பின்னாலேயே போனாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே, ஊர்ப்பக்கம் போகிற கல்முனை பஸ் நின்றது. மாமி ஏறி, நடுவில் யன்னலோர இருக்கையில் இருந்தாள். பக்கத்து இருக்கை வெறுமையாகக் கிடந்தது. மேனுகா படியில் ஒரு காலை வைத்தபோது மாமி உடுப்புப் பையை எடுத்து அந்த இருக்கையில் வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

மேனுகா காலை இறக்கினாள்.

நடத்துநர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் நகர்ந்தது. யன்னலில் மாமியின் இடக்கன்னம் தெரிந்தது, கட்டுப் போட்ட, அசையாத பக்கம். பஸ் பாலத்துப் பக்கமாகத் திரும்பி மறையும் வரைக்கும் அந்த முகம் மறு பக்கம் திரும்பவில்லை.